குதிரைக் குட்டிகளின் கால் மூட்டுகள்: ஆண், பெண் வேறுபாடு எவ்வளவு?

குதிரைக் குட்டி ஒன்று இரண்டு வயதை நெருங்கியதும் அதன் உடைமையாளர் மனத்தில் எழும் முதற் கேள்வி, அதனை எப்போது சேணத்துக்கோ வண்டிக்கோ பழக்கலாம் என்பதே. தீவனச் செலவு நாள்தோறும் ஏறிக்கொண்டிருக்கிறது. குட்டியோ பார்வைக்குத் தாயின் உயரத்தை ஏறக்குறைய எட்டிவிட்டது. குட்டி பெண்ணாக இருப்பின், பெண் இனம் விரைவில் முதிர்ச்சி அடைவதாகையால் ஆண்குட்டியைவிட முன்னதாகவே அதனை வேலைக்கு விடலாம் அன்றோ என்ற எண்ணமும் உடன் தோன்றுவது இயல்பு. இவ்வெண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மையின் அளவை அறியாது அதனை நம்பிச் செயற்படுவோர் குட்டியின் கால்களையே பணயம் வைக்கின்றனர். மூட்டினுள் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு ஒருமுறை சிதைந்துவிட்டால், மீண்டும் பழைய நிலையை அடைவதில்லை. மூன்றாம் வயதில் நொண்டத் தொடங்கிய குதிரையை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அதனால் நேரும் இழப்பைக் களப் பணியாளர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

குதிரையின் காலைப் பற்றிப் பேசும்போது பெயர்க் குழப்பத்தை முதலில் நீக்கிக்கொள்ளுதல் நலம். முன்காலில் நாம் முழங்கால் என்று வழங்கும் மூட்டு உண்மையில் நமது மணிக்கட்டுக்கு ஒப்பானது. அதனுள் நம் மணிக்கட்டில் உள்ளவை போன்ற சிற்றெலும்புகள் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அதற்கு மேலே உள்ளது முன்கை எலும்பு. கீழே நேராக இறங்கும் குழல் எலும்பு நமது உள்ளங்கையின் நடு எலும்பு. அதன் அடியில் உள்ள கணு மூட்டு, நடுவிரல் உள்ளங்கையோடு சேரும் இடம். குளம்பு என்பது அவ்விரலின் நகமே. ஆசிரியர் ஒருவர் தமது நடுவிரலின் நுனியை மட்டும் மேசையில் ஊன்றி, உள்ளங்கையையும் மணிக்கட்டையும் நேராக உயர்த்திக் காட்டினால், மாணவர் இதனை எந்தப் படமும் இன்றியே விளங்கிக்கொள்வர். பின்காலில் பின்னோக்கி முனைந்து நிற்கும் மூட்டு நமது கணுக்கால். அதன் முனை குதிகால். மெய்யான முழங்கால், சில்லெலும்போடு கூடியது, வயிற்றின் ஓரத்தில் தோலுக்குள் பாதி மறைந்து கிடக்கிறது. குதிரை நின்றுகொண்டே உறங்குவதற்கு இந்தச் சில்லெலும்பு தொடை எலும்பின் மேட்டில் கொக்கிபோல் மாட்டிக்கொள்வது ஒரு முக்கியக் காரணம். இக்கட்டுரையில் முழங்கால் என்னும் சொல், குதிரை வளர்ப்போர் வழக்கத்தை ஒட்டி, முன்கால் மூட்டையே குறிக்கும். பின்கால் மூட்டை முட்டி மூட்டு என்று கூறுவோம்.

எலும்பு நீளும் இடம்

நீண்ட எலும்பு அதன் நடுப்பகுதியில் நீள்வதில்லை. முனைகளை அடுத்து, மூட்டுக்குச் சற்று உள்ளே, குருத்தெலும்பாலான மெல்லிய தகடு ஒன்று குறுக்காக அமைந்திருக்கிறது. இதனை வளர்ச்சித் தகடு என்பர். தகட்டின் ஒருபுறம் புதிய குருத்தணுக்கள் தோன்றிக்கொண்டே இருக்க, மறுபுறம் முதிர்ந்த அணுக்கள் எலும்பாக மாறிக்கொண்டே வருகின்றன. தோன்றும் வேகம் குறைந்து மாறும் வேகம் அதனை எட்டிப் பிடிக்கும்போது தகடு முழுவதும் எலும்பாகிவிடுகிறது. இதுவே தகடு மூடுதல் எனப்படும். எக்ஸ்ரே படத்தில் திறந்த தகடு கரிய கோடாகத் தெரியும். மூடியபின் அக்கோடு மறைந்துவிடும்.

குதிரையில் இத்தகடுகள் யாவும் ஒரே காலத்தில் மூடுவதில்லை. பொதுவாகக் குளம்பிலிருந்து மேல்நோக்கிச் செல்கின்றன என்று கொள்ளலாம். கணு மூட்டை அடுத்த தகடுகள் ஏறக்குறைய 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் மூடிவிடும். முழங்காலுக்குச் சற்று மேலே, முன்கை எலும்பின் கீழ்முனையில் உள்ள தகடு பெரும்பாலும் 2 ஆண்டு முதல் 2½ ஆண்டு வரை திறந்திருக்கும்; சில குதிரைகளில் அதற்கும் பிந்தும். பின்காலின் மெய்யான முழங்காலைச் சூழ்ந்தவை 2 முதல் 3½ ஆண்டு வரை ஆகின்றன. முதுகெலும்பின் தகடுகளோ 5 ஆண்டோ அதற்கு மேலுமோ எடுத்துக்கொள்கின்றன. சேணமும் சுமையும் அமர்வது முதுகின் மேல்தான் என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும்.

பார்வைக்குக் குட்டி ஏன் முதிர்ந்ததாகத் தோன்றுகிறது? பந்தயக் குதிரை இனமாகிய தரோபிரெட் குட்டிகள் சுமார் 2,000-ஐக் கனடாவில் தொடர்ந்து அளந்து 1979-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடையளிக்கிறது. ஆறாம் மாதத்தில் குட்டி முதிர்ந்த எடையில் நூற்றுக்கு 46 பங்கையே பெற்றிருந்தது. ஆனால் உயரத்தில் 83 பங்கை எட்டியிருந்தது. ஓராண்டில் எடை 67, உயரம் 90. பதினெட்டு மாதத்தில் எடை 80, உயரம் 95. உயரம் ஏறத்தாழ முடிந்துவிட்டது என்று கண் சொல்லும் அந்த நாளில், முழங்கால் மேலுள்ள தகடு இன்னும் திறந்தே இருக்கிறது. குட்டி தன் உடலிலேயே மேலும் ஐந்தில் ஒரு பங்கு எடையை ஏற்றவேண்டியும் இருக்கிறது. உடல் எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதியை முன்கால்களே தாங்குகின்றன.

பால் வேறுபாடு

இனி, ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போம். மேற்கூறிய கனடா அளவீட்டில் ஆண்குட்டிகள் பெண்குட்டிகளைவிட எடையிலும் உயரத்திலும் குழல் எலும்பின் சுற்றளவிலும் சிறிது மிஞ்சியிருந்தன. எலும்பு பருத்திருப்பின் அதன் முனைகளும் மூட்டுப் பரப்பும் அதற்கேற்பச் சற்று அகன்றிருக்கும். மூட்டில் உள்ள எலும்புகளின் எண்ணிக்கை, அமைப்பு, தசைநார்கள் பொருந்தும் இடம் ஆகியவற்றில் பாலுக்குப் பால் வேறுபாடு இல்லை.

இதற்கு ஒரு நல்ல சான்று தொல்பொருள் ஆய்வாளரிடமிருந்து கிடைக்கிறது. பழைய புதைகுழியில் குதிரை எலும்புகள் அகப்பட்டால், அது ஆணா பெண்ணா என்று அறிய அவர்கள் கால் எலும்பை நம்புவதில்லை. இடுப்பெலும்பையும் பற்களையும் தேடுகின்றனர். வளர்ந்த ஆண்குதிரைக்கு வெட்டுப் பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் கோரைப் பற்கள் உண்டு. பெண்குதிரைக்கு அவை பெரும்பாலும் இரா; இருந்தாலும் மிகச் சிறியவை. இக்காலத்தில் எலும்பிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்தும் பால் அறிகின்றனர். தேர்ந்த உடற்கூற்று வல்லுநர் கையில் தனி முட்டி மூட்டு ஒன்றைக் கொடுத்தால் அதன் பாலை அவர் உறுதியாகக் கூற இயலாது.

ஆகவே வேறுபாடு முதன்மையாக வடிவில் இல்லை, காலத்தில் இருக்கிறது. முழங்கால் மேலுள்ள தகடு, சராசரியாக நோக்குமிடத்து, பெண்குட்டிகளில் ஆண்குட்டிகளைவிடச் சில வாரங்கள் முன்னதாக மூடுகிறது. மனித இனத்தில் சிறுமியர் சிறுவரைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்னதாகவே உயர வளர்ச்சியை முடித்துக்கொள்கின்றனர். அதனோடு ஒப்பிடும்போது குதிரையில் காணும் இடைவெளி மிகக் குறுகியது. மேலும், இந்தச் சில வாரம் என்பது சராசரிகளுக்கு இடையேயுள்ள தூரம். ஒரே பாலைச் சேர்ந்த இரு குட்டிகளுக்கு இடையே பல மாத வேறுபாடு காணப்படுவது உண்டு. முன்னதாக மூடும் ஆண்குட்டிகளும் பின்தங்கி மூடும் பெண்குட்டிகளும் ஏராளம். கணக்கு ஆசிரியர்கள் சராசரிக்கும் பரவலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்க இதைவிடத் தக்க உதாரணம் தேட வேண்டியதில்லை. குட்டி பெண் என்று தெரிந்த மாத்திரத்தில் அதன் முழங்கால் மூடிவிட்டது என்று முடிவு கட்டுதல், ஒரு வகுப்பின் சராசரி உயரத்தைக் கேட்டறிந்து ஒரு மாணவனுக்குச் சட்டை தைப்பதை ஒக்கும்.

தகடு மூடுவதற்குத் தூண்டுகோலாக இருப்பது எது? நெடுங்காலம் ஆண் உடலில் டெஸ்டாஸ்டிரோனும் பெண் உடலில் ஈஸ்ட்ரோஜனும் தனித்தனியே இவ்வேலையைச் செய்வதாகக் கருதப்பட்டது. 1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விவரிக்கப்பட்ட ஒரு நோயாளியின் நிலை இக்கருத்தை மாற்றியது. 28 வயதும் 204 சென்டிமீட்டர் உயரமும் உடைய அந்த ஆணின் உடலில் டெஸ்டாஸ்டிரோன் குறைவின்றி இருந்தது. ஆனால் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் அமைப்பு மரபணுக் குறையால் செயலற்றிருந்தது. அவருடைய எலும்பு 15 வயதுச் சிறுவனுடையதைப் போலவே இருந்தது. தகடுகள் மூடாமையால் அவர் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். ஆண் உடலிலும் டெஸ்டாஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறியே தகட்டை மூடுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

குதிரையில் இச்செய்தி தனிச் சுவை உடையது. பெண்மைக்கு உரியதென்று கருதப்பட்ட ஈஸ்ட்ரோஜன் பொலிகுதிரையின் சிறுநீரில் பேரளவில் வெளியாகிறது என்று பெர்ன்ஹார்டு ஸோண்டெக் 1934-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்து வெளியிட்டார். பொலிகுதிரையின் விதைகளே அதனை மிகுதியாக உண்டாக்குகின்றன. பெண்குட்டி பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் பருவம் அடைகிறது. ஆண்குட்டி சற்றுப் பிந்துகிறது. தகடு மூடும் காலமும் அவ்வாறே சற்று முன்பின்னாக அமைகிறது.

விதையடித்த குட்டியின் நிலையும் இதனால் விளங்கும். விதைகளை அகற்றினால் அவற்றிலிருந்து வரும் டெஸ்டாஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் ஒருங்கே நின்றுவிடுகின்றன. ஆகையால் தகடு மூடுவது தாமதப்படும்; இளமையில் விதையடித்த குதிரை சிறிது கூடுதல் உயரம் பெறக்கூடும். மாடு, ஆடு ஆகியவற்றிலும் இவ்விளைவு நெடுநாளாக அறியப்பட்டது. விதையடித்த குட்டி அடங்கிப் போவதால் அது வேலைக்கும் பக்குவமாகிவிட்டது என்று எண்ணுவது பெரும் பிழை. குணம் பணிந்திருக்கும், முழங்கால் அதன் உடன்பிறப்பாகிய பெண்குட்டியினதைவிடப் பின்தங்கியிருக்கும்.

நோய் நிலைகள்

வளர்ச்சிக் காலத்தில் மூட்டுகளைத் தாக்கும் குறைகளுள் மிக முக்கியமானது, மூட்டுக் குருத்தெலும்பு ஓரிடத்தில் எலும்பாக மாறாது நின்றுவிடுதலாகும். பிறந்த குட்டியின் குருத்தெலும்பு தடித்தது. அதனுள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. வளர வளர இக்குழாய்கள் மறைய வேண்டியவை. அவற்றுள் ஒன்று காலத்துக்கு முன் அடைபட்டால் அது ஊட்டிவந்த பகுதி மடிகிறது. பின்னர் ஓட்டத்தின் அதிர்ச்சியில் அப்பகுதி பிளந்து, சிறு துண்டாகக் கழன்று மூட்டுக்குள் மிதக்கவும் கூடும். முட்டி மூட்டும் மெய்யான முழங்காலும் இதற்குப் பெரிதும் இலக்காகின்றன. மரபு வழியும், விரைந்த வளர்ச்சியும், அளவு மிஞ்சிய தானியத் தீவனமும் இதனைத் தூண்டுகின்றன. ஆண்குட்டி விரைந்து வளர்ந்து எடை கூடுவதால் அதற்கே இக்குறை மிகும் என்று எதிர்பார்க்கலாம். சில ஆய்வுகளில் அவ்வாறே ஆண்குட்டிகளிடம் சற்று மிகுந்தும், வேறு சிலவற்றில் இருபாலிடமும் ஒத்தும் காணப்பட்டுள்ளது. இதிலும் பாலைவிடக் குட்டியின் தந்தை தாயும், அதன் தீவனத் தொட்டியும் அதிகம் சொல்லும்.

நெதர்லாந்து நாட்டில் குட்டிகளை மாதந்தோறும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது ஓர் அரிய செய்தி வெளிப்பட்டது. இக்குறைகளுள் பல தாமாகவே ஆறிவிடுகின்றன. முட்டி மூட்டில் 5-ஆம் மாதத்துக்குப் பிறகும், மெய்யான முழங்காலில் 8-ஆம் மாதத்துக்குப் பிறகும் உள்ளவையே நிலைத்து நிற்கின்றன. அதற்கு முன் எடுத்த படத்தைக் கொண்டு குட்டியைக் கழித்துவிடுவது அவசர முடிவாகும். 1999-இல் வெளியான மற்றோர் ஆய்வில், அந்நாட்டார் 43 குட்டிகளை மூன்று பிரிவாக்கி, சிலவற்றைக் கொட்டிலிலேயே அடைத்தும், சிலவற்றைக் கொட்டிலில் வைத்து வேகப் பயிற்சி மட்டும் அளித்தும், எஞ்சியவற்றை மேய்ச்சல் வெளியில் விட்டும் 5 மாதம் வளர்த்தனர். மூட்டின் நலத்துக்கு வெளியில் விட்டு வளர்த்தலே சிறந்ததாகக் கண்டனர். குட்டியின் மூட்டைக் காப்பது என்றால் அதனைக் கட்டிப்போடுவது என்று பொருளன்று. தாயுடன் தன் விருப்பம்போல் ஓடி நிற்கும் இயக்கம் குருத்தெலும்பை உறுதியாக்குகிறது. சுமையும் ஒரே சீரான நெடு ஓட்டமும் அதனை வதைக்கின்றன.

வளைந்த கால்களைப் பற்றியும் ஒரு சொல். பிறந்த குட்டியின் முழங்கால் சிறிது உட்புறம் சாய்ந்து, பாதம் வெளிநோக்கி இருப்பது பெரும்பாலும் தானே நேராகிவிடும். நேராகாவிடில் தகடு திறந்திருக்கும் காலத்துக்குள்ளேயே சிகிச்சை செய்ய வேண்டும். கணு மூட்டின் வளைவுக்கு முதல் இரண்டு மூன்று மாதமே வாய்ப்பு. முழங்காலுக்குச் சற்று அதிக அவகாசம் உண்டு. குறை மாதத்தில் பிறந்த குட்டி தனி வகை. முழங்காலிலும் முட்டியிலும் உள்ள சிற்றெலும்புகள் கருவின் கடைசி இரண்டு மூன்று மாதங்களிலேயே எலும்பாகின்றன. சுமார் 11 மாதக் கருவாச காலத்தில் 320 நாளுக்கு முன் பிறந்த குட்டியை எழுப்பி ஓடவிட்டால் அவை நசுங்கிவிடும். ஆண்குட்டி சராசரியாக ஓரிரு நாள் கூடுதலாகக் கருவில் தங்குகிறது என்பதும் ஓர் ஆண் பெண் வேறுபாடே. ஆயினும் அந்த ஓரிரு நாளால் மூட்டுக்கு விளையும் பயன் எதுவும் இல்லை.

களத்தில் செய்யத்தக்கவை

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 இலட்சம் இருந்தன. மார்வாரி, கத்தியவாரி, ஸ்பிதி, ஸன்ஸ்காரி, மணிப்புரி முதலிய நம் இனங்கள் உடலமைப்பில் ஒன்றோடொன்று பெரிதும் வேறுபடுவன. மேலே தரப்பட்ட எண்களுட் பல அயல்நாட்டுப் பெருங் குதிரைகளிலிருந்து பெற்றவை. ஆதலால் ஸ்பிதி மட்டக்குதிரைக்கு அவற்றை நாள் தவறாமல் பொருத்துதல் கூடாது. படிப்படியாக மூடும் வரிசையைப் பொருத்தலாம்.

பிறந்த தேதி அறியாத குட்டிக்குப் பற்களே சாட்சி. நடுவில் உள்ள பால் வெட்டுப் பற்கள் சுமார் 2½ வயதில் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். அடுத்த இணை 3½ வயதிலும், ஓரத்து இணை 4½ வயதிலும் மாறும். நடு இணை மாறாத குட்டி, அது ஆணாயினும் பெண்ணாயினும், முழங்கால் மூடாதது என்றே கருதப்படத்தக்கது. எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல இயலுமானால், முழங்கால் மேற்பகுதியை ஒரு படம் எடுத்துப் பார்ப்பது எல்லா ஊகங்களையும் நீக்கிவிடும். வசதி இல்லாத இடத்தில், நடு இணை நிலைப்பற்கள் முழுவதும் வளர்ந்து, மூன்று ஆண்டு நிறைவெய்தும் வரை சுமையேற்றாதிருத்தல் பாதுகாப்பான வழி. அதற்கு முன்னர்க் கடிவாளம் பழக்குதல், கையில் பிடித்து நடத்துதல், வெறும் சேணத்தை வைத்து எடுத்தல் ஆகியவற்றுக்குத் தடையில்லை. மலைப்பாதையில் யாத்திரிகரைச் சுமக்கும் குதிரைகளுக்கும் செங்கற் சூளையில் உழைக்கும் குதிரைகளுக்கும் முதுகின் தகடுகள் இன்னும் பிந்துவதை எண்ணி, நான்காம் வயதிலும் பாரத்தைக் குறைத்தே தொடங்கவேண்டும்.

கையால் தடவிப் பார்த்தும் பலவற்றை அறியலாம். கணு மூட்டுக்கு மேலே மூன்று முதல் ஆறு மாதக் குட்டியிலும், முழங்காலுக்கு மேலே எட்டு மாதம் முதல் இரண்டு வயது வரையிலும் தகடு வீங்கிப் புடைப்பது உண்டு. கால் அவ்விடத்தில் உடுக்கை போலத் தோன்றும்; தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது உடைமையாளரிடம் தீவனத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். வட நாட்டில் கோதுமைத் தவிட்டைக் கை நிறைய அள்ளிப் போடும் வழக்கம் உண்டு. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணச் சத்து மிகக் குறைவு. இந்தச் சமன் கெட்டால் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணத்தைக் கரைத்தெடுக்கும். விரைந்து வளரும் ஆண்குட்டிக்குத் தானியத்தைச் சேர்த்து ஊட்டி மேலும் கொழுக்க வைப்பதும் வேண்டாத வேலையே. குட்டியைப் பட்டினி போட வேண்டியதில்லை; தானியத்தையும் தவிட்டையும் குறைத்து, நல்ல பசும்புல்லும் குதிரைமசாலும் கொடுத்தால் போதும்.

குட்டியைப் பதிவு செய்யும் ஏட்டில் பால் என்ற கட்டத்தை நிரப்புவதோடு நின்றுவிடுவது வழக்கம். ஆண்குட்டியாயின் விதையடித்த தேதியையும், இருபாலுக்கும் நடு இணைப் பற்கள் மாறிய மாதத்தையும், படம் எடுத்திருந்தால் முழங்கால் தகடு திறந்ததா மூடியதா என்பதையும் அதே வரியில் குறித்து வைத்தல் வேண்டும். அடுத்த முறை வரும் பணியாளர் வேறொருவராக இருக்கக்கூடும். குட்டியும் வேறொருவர் கைக்கு விற்கப்பட்டிருக்கக்கூடும்.